மாமா கொண்டுவந்த ஜப்பான் வார்த்தை

அக்கா வீட்டுக்காரர் ஜப்பானில் ஏதோ தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போய்விட்டு எங்கள் மலையூர் வாழவந்திக்குத் திரும்பியபோது, உருப்படியாகக் கற்றுவந்தது ஒரே ஒரு வாக்கியம். "இயா, சொரெ ஹோதோ தெமோ." யாராவது புகழ்ந்தால் பின்னந்தலையைச் சொறிந்தபடி, உடம்பை நெளித்து, இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டுமாம். "அவ்வளவு ஒண்ணும் இல்லீங்க" என்று அர்த்தம். திட்டினாலும் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். சட்டை நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால் மாமா நெளிவார். அதை வாங்கி, துவைத்து, தேய்த்து வைத்தது அக்கா.

போன மழைக்காலத்தில் அப்பா எஸ்டேட் சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்காவும் நானும் மாறி மாறி மலையிறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டோம். மாமாவுக்குத் தினமும் ஏதோ ஒரு வேலை. தையல் பிரித்த பிறகுதான், கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆப்பிள் பையோடு வந்து சேர்ந்தார்.

"வாங்க மாப்ள," என்றார் அப்பா. "மாமனாரை இப்படிப் பாத்துக்கற மருமவன் எவனுக்குங்க கெடைப்பான்?"

அந்தக் கசப்பு பக்கத்துக் கட்டில்காரருக்கே புரிந்தது. மாமாவுக்கும் புரிந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். முகம் ஒரு கணம் சுருங்கியது. அப்புறம் கை பின்னந்தலைக்குப் போனது.

"இயாஆ... சொரெ ஹோதோ தெமோ..."

அர்த்தத்தையும் அவரே சொன்னார். வார்டே சிரித்தது. நர்ஸ் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"ஏனுங்க, இன்னிக்கு நீங்களே அப்பாகூட இருங்க. நானும் தங்கச்சியும் ஊட்டுக்குப் போறோம்."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதே!"

"அவ்வளவு ஒண்ணும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள்.

பஸ் மலையேறும் முன்பே போன் வந்தது. யூரின் கேன் எங்கே என்று கேட்டார். அக்கா சொன்னாள். அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது மாமா எதிர் டீக்கடையில் இருந்தார். அப்பாவைத் துடைத்து, வேட்டி மாற்றிவிட்டது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. அக்கா அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் என்னிடம், "உங்க மாமா நொம்ப தங்கமான மனுசருங்க கண்ணு. வார்டே கலகலன்னு இருந்துச்சு," என்றார்.

அப்பா இப்போது கோலூன்றி நடக்கிறார். மாமனாரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட கதையை மாமா விசேஷ வீடுகளில் சொல்கிறார். கேட்பவர்கள் மெச்சுகிறார்கள், அவர் நெளிகிறார். அக்கா எழுந்து பந்தி பரிமாறப் போய்விடுகிறாள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் பக்கம் அவர் திரும்புவதே இல்லை.