புத்தூரில் இறங்கிய ஆங்கிலம்

கண்ணை மூடிக்கொண்டு பாடம் படிக்கும் முட்டாள் நான்.

திருப்பதியில் வேலைக்கான இன்டர்வியூ. நகரியில் ரயிலேறியதும் இயர்போனில் கேட்கிற ஆங்கிலத்தை உடனுக்குடன் திருப்பிச் சொல்லிப் பழகினேன். அன்றைய பாடம் ஆஸ்பத்திரி. முழங்கையைப் பிடித்து நடித்தபடி, "மை ஹேண்ட் இஸ் புரோக்கன்" என்று முனகினேன்.

பக்கத்து சீட்டுக்காரர் என்னை எழுப்பி வாசலுக்கு நடத்திப் போனார். திருப்பதி வந்துவிட்டதென்று நானும் இறங்கினேன். பார்த்தால் புத்தூர்.

"எலும்புக்குக் கட்டு கட்ற ஊரு இதான். வா நைனா" என்றார்.

ரயில் நகர்ந்தது. இதை விட்டால் இன்டர்வியூ போச்சு. "கை நல்லாத்தான் கீது" என்று இரண்டு கையையும் ஆட்டிக்காட்டி, ஓடி ஏறினேன். வேலை கிடைத்தது.

இப்போதெல்லாம் பக்கத்திலிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நேற்றும் அதே பாடம், பக்கத்தில் ஒரு அம்மா. "சும்மா இங்கிலீஷ் பழகிக்கினு கீறேம்மா, கைக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்த அம்மா, நான் பிடித்திருந்த முழங்கையைப் பார்த்தார்.

"புத்தூர் வந்தா சொல்றேன்."