ஓடையில் விழுந்த கோழி எலும்பு

மழைக்காலம் முடிந்ததும் கராச்சர்மாவில் நாங்கள் சமைத்துக் கட்டிக்கொண்டு பிக்னிக் கிளம்பிவிடுவோம். இந்த முறை மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்திருந்த அக்கா கணவரையும் சௌல்தாரிப் பக்கம் ஓடைக்கரைக்கு அழைத்துப்போனேன். சாப்பிட்டவர் கோழி எலும்புகளைத் தண்ணீரில் வீசினார். இன்னொரு கையில் போன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் பதறி ஓடிவந்தாள். "பையா, மத் டாலோ! மகர்மச் ஆயேகா!"

"போடாதீங்க, முதலை வந்துடும்னு கத்துறாங்க மாமா."

"வரட்டுமே. வீடியோ எடுக்கத்தானே போடுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரை கிடைத்த இடத்துக்கு முதலை திரும்பத் திரும்ப வரும். இங்கே அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

போனைப் பிடுங்கினேன். "எழுந்திருங்க. போய் வேன்ல ஏறுங்க!"

அக்கா இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். மாமா மறுநாள் ஃபிளைட் ஏறிவிட்டார். அந்தப் பெண் மறுநாளும் அதே தண்ணீரில்தான் இறங்கியிருப்பாள்.