பெரியம்மா வீட்டுக்குப் போன போர்வை

அம்மா எனக்கென்று தைக்கத் தொடங்கிய ஒட்டுப் போர்வை, ஜப்பான்காரன் வந்ததும் பாதியில் நின்றுபோனது. அதற்கு முன்னால் அப்பா ஈப்போ பட்டணத்துக்குப் போய்வரும்போதெல்லாம், தையல்கடையில் கழித்துப் போட்ட துண்டுத் துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு வருவார். அம்மா அவற்றைச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைப்பாள். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, எந்தச் சீனத்தியின் சட்டையிலிருந்தோ மிஞ்சிய பச்சைப் பட்டு எல்லாம் அதில் இருந்தன. ஓரங்கள் சேர்ந்துவிட்டன. நடுப்பகுதிதான் பாக்கி. அந்த நேரத்தில் சண்டை வந்தது. கடைகளில் துணியும் இல்லை, நூலும் இல்லை. அம்மா போர்வையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். பத்து காஜாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லாததால், பாலெடுக்க மரம் வெட்டுவது நின்றுபோய், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மரவள்ளி நட்டிருந்தார்கள். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உடுத்திக்கொள்ளக் கோணிச் சாக்குதான் என்று ஆனபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாக்கின் அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கைகளுக்கு இரண்டு ஓட்டை. வெயில் ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும்.

"அந்தப் போர்வையில எனக்கு ஒரு பாவாடை தச்சுக் குடும்மா" என்று தினமும் கேட்பேன்.

"போர்வைய எவளாச்சும் பாவாடையா கட்டுவாளா? நூல் கெடைக்கட்டும். முடிச்சு உனக்கே தாரேன்."

உனக்கே என்று சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அரிக்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொள்வேன்.

பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், அந்தத் தோட்டத்துத் தண்டல். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவர். வெள்ளைக்காரன் இருந்தவரை அவனுக்குத் தண்டல். ஜப்பான்காரன் வந்த பிறகு அவனுக்குத் தண்டல். முன்பு தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னவர், இப்போது இடுப்பு மடங்கக் குனிந்தார். மற்றபடி அவருக்கு ஒன்றும் மாறவில்லை. எங்கள் வீட்டில் மரவள்ளி வெந்தபோது அவர் வீட்டில் அரிசி வெந்தது. தனியாகப் பலகை வீடு, முன்னால் பூச்செடி. நாங்கள் வயிறு காய்ந்து கிடந்த அந்தக் காலத்திலும் அவருடைய வயிறு கொஞ்சமும் இறங்கவில்லை. அப்பா மட்டும் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். அண்ணன் என்றால் அண்ணன்தான்.

சயாமில் கம்பிச் சடக்கு போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டான். ரயில் பாதை வேலை, நல்ல சாப்பாடு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் கொஞ்சம் பேரைக் கூட்டிப்போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு சேதியும் இல்லை. இரண்டாம் முறை ஆள் கேட்டபோது லயத்தில் சிரிப்பே நின்றுபோனது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் பெரியப்பா.

"அண்ணன் என்னையெல்லாம் அனுப்பமாட்டாரு" என்றார் அப்பா.

"அனுப்புவாரு. அனுப்பிட்டு, தம்பி போயிட்டானேன்னு நாலு பேரு முன்னால அழுவாரு" என்றாள் அம்மா.

அந்தச் சமயத்தில் பெரியப்பாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் சடங்கு வந்தது. அன்று காலையில் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தாள். நூல் கிடைத்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பெரிய போர்வையைச் சின்னதாக ஆக்கினாள். குழந்தை படுக்கிற அளவுக்கு.

"ஆருக்கும்மா?"

"பெரியம்மா வீட்டுப் பிள்ளைக்கு."

நான் கத்தினேன். தரையில் விழுந்து புரண்டேன். எனக்கென்று சொன்னாயே, எனக்கென்று சொன்னாயே என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவர்கள் வீட்டில் இல்லாத துணியா? பெரியம்மா சேலை கட்டியிருக்கிறாள், அந்த அக்கா சேலை கட்டியிருக்கிறாள், நான் மட்டும் சாக்குக் கட்டியிருக்கிறேன். பேசவும் தெரியாத ஒன்றுக்கு என் போர்வையா?  என் கையிலிருந்து துணியை உருவி, திரும்பி உட்கார்ந்து தைத்தாள்.

நூல் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அத்தை. அவள் எங்களுக்கு உறவு இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அவள் அத்தை, அவள் புருஷன் மாமா. கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான், பிள்ளை இல்லை. அன்னாசி இலையை உடைந்த பீங்கானால் சுரண்டி, நாரை அலசிக் காயவைத்து, தொடையில் வைத்து முறுக்கி நூலாக்குவதில் அவளைப்போல் லயத்தில் ஆளில்லை. அன்று அம்மாவோடு உட்கார்ந்து அவளும் தைத்தாள். பிரித்துப் பார்த்ததில் நடுவில் வைக்க நல்ல துணி மிஞ்சவில்லை. அத்தை எழுந்து போய், மாமாவின் நீலச் சட்டையைக் கொண்டுவந்தாள். கழுத்தும் கையும் கிழிந்திருந்தன. முதுகு மட்டும் கெட்டியாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரரு ஏதும் சொல்லமாட்டாரா?" என்று அம்மா தயங்கினாள்.

"அவரேதான் வெட்டிக்கச் சொன்னாரு, அண்ணி. பச்சப் பிள்ளைக்குத்தானே. நீங்க பெரிய வீட்டுல பேசுறப்ப எங்க வீட்டு ஆளுக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்."

"சொல்றேன்" என்றாள் அம்மா.

நீலத் துண்டு நடுவில் ஏறியது. உண்மையைச் சொன்னால் போர்வை அழகாக இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

பெரியம்மா வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள் அம்மா. பெரியம்மா போர்வையைப் புரட்டிப் பார்த்தாள். கந்தலைக் கொடுத்துவிட்டார்களோ என்று பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தரையில் விரித்துக் குழந்தையை அதில் போட்டாள்.

அம்மா பேச்சைத் தொடங்கினாள். "அக்கா, சயாமுக்கு மறுபடியும் ஆள் கேக்குறாங்களாமே. இவர விட்டா எங்களுக்கு ஆரு இருக்கா? நீங்கதான் பெரியவருகிட்டச் சொல்லணும். அப்புறம், பக்கத்து வீட்டுலயும் அந்தப் பொண்ணு..."

"ஒரு ஆளுன்னா சொல்லிப் பாக்கலாம்" என்று பெரியம்மா குறுக்கே பேசினாள். "கேட்ட ஆள நிறுத்தலன்னா ஜப்பான்காரன் எங்க வீட்டுக்காரரு தலைய வெட்டிருவான். ஒருத்தன எடுத்தா இன்னொருத்தன வைக்கணும். ஆர விட்டுவைக்கணும்னு நீயே சொல்லு."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  அந்த நேரத்தில் குழந்தை என் போர்வையில் மூத்திரம் பெய்தது. நீலத் துண்டு ஈரமாகிக் கறுத்ததை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டு ஆள" என்றாள் அம்மா கடைசியில்.

திரும்பி வரும்போது தண்ணீர்க் குழாயடியில் அத்தை காத்திருந்தாள். "சொல்லிட்டீங்களா, அண்ணி?"

"சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா நிற்காமல் நடந்தாள். அம்மா பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஏதோ சொன்னாள்தானே, நான் பக்கத்திலேயே இருந்தேனே.

அடுத்த வாரம் லோரி வந்தது. பிரட்டுக்களத்தில் பெரியப்பா பேர் கூப்பிட, ஜப்பான்காரன் ஒருவன் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றான். அப்பாவின் பேர் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் பேர் வந்தது. மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிட்டதுபோல. பிறகு கூட்டத்திலிருந்து விலகி லோரிப் பக்கம் போய் நின்றார். அவர் உடம்பில் சட்டை இல்லை. தோளில் ஒரு சாக்குத் துண்டு மட்டும் கிடந்தது.

அத்தை நேராக அம்மாவிடம் வந்தாள். அழவில்லை. அவள் கண்ணைப் பார்த்ததும் நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"சொல்லிட்டேன்னீங்களே."

அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அத்தை உதறினாள்.

"அவருக்குச் சட்ட இல்ல. என் துணியக் குடு. இப்பவே குடு. லோரி போறதுக்குள்ள பிரிச்சுக் குடுடி!"

அண்ணி என்றவள் அன்றைக்கு டி என்றாள். அதற்குக்கூட அம்மா கோபப்படவில்லை. கந்தல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பெரியம்மா வீட்டில் குழந்தை போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பெரியம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போர்வையை இழுத்தாள்.

"என்னடி இது? குடுத்த பொருளத் திருப்பிப் புடுங்குறியா?"

"புடுங்கத்தான் செய்வேன்" என்றாள் அம்மா. அவளுடைய குரலா அது என்று இருந்தது. "பாவி, நீயும் உம் புருஷனும் நல்லா இருப்பீங்களா? ஆள வித்துச் சோறு தின்னுறீங்களே, செமிக்குதா?"

அன்னாசி நார் இழுத்தால் அறுபடாது. அம்மா பல்லால் கடித்துக் கடித்து நீலத் துண்டைப் பிய்த்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. போர்வையைத் தரையில் எறிந்துவிட்டுத் துண்டோடு ஓடினாள்.

லோரி கிளம்பிவிட்டிருந்தது. செம்மண் சடக்கின் மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அத்தை அம்மாவின் கையிலிருந்து துண்டைப் பறித்துக்கொண்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் லோரியைப் பிடிக்க ஓடினாள். மாமா மேலிருந்து குனிந்து கையை நீட்டினார். துண்டு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டார். வளைவு தாண்டும்வரை அவருடைய நீலத் தோள் தெரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா அம்மாவிடம் சண்டை போட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"எம் பேரு எப்படி இல்லாமப் போச்சு? அவன் பேரு எப்படி வந்துச்சு? சொல்லு!"

"உங்க அண்ணனப் போய்க் கேளுங்க! நானா பேரு கூப்பிட்டேன்? நானா லோரி கொண்டாந்தேன்?"

"எனக்குப் பதிலா அவன் போறதுக்கு, நானே போயிருப்பேன்."

"போயிருந்தா இந்தச் சாக்குல கெடக்குறவளுக்கு ஆரு சோறு போடுறது? உங்க அண்ணனா?"

அப்பா பலகைச் சுவரைக் கையால் ஓங்கிக் குத்தினார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அத்தையின் வீடு. 

பக்கத்து வீட்டு மாமா திரும்பி வரவே இல்லை. எங்கே விழுந்தார், காய்ச்சலா, வாந்தி பேதியா, சொல்ல ஆளில்லை. அத்தை எங்களோடு பேசவில்லை. அப்பா விறகு வெட்டி அவள் வாசலில் வைப்பார். அவள் அதைச் சாக்கடையில் தள்ளுவாள். அப்பா மறுபடியும் வைப்பார். ஜப்பான் சண்டை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பெரியப்பா அவனுக்கும் தண்டலாக இருந்தார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வயதாகி, பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவுக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயம்.  போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்தும் ஆள் எண்ணிக்கை குறையக்கூடாதென்று நின்றாரே, அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் லோரி போன அந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லவேண்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் போர்வை.

"நடுவுல ஓட்டையா இருக்கு. இத வச்சுக்கிட்டு உங்க அண்ணி என்ன செய்வா? நீங்களே வச்சுக்கங்க" என்று பாயில் போட்டார். அப்பாவின் தோளைத் தட்டினார். "ஒன்னும் மனசுல வச்சுக்காத. நான் இருக்கேன்லா?"

அப்பா நிமிரவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சீனி. அதன் ருசியே எனக்கு மறந்துபோயிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் போன பிறகு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நடுவில் ஓட்டை இருந்தாலும் அரிக்கவில்லை. அன்று எனக்கு எல்லார் மேலும் கோபம் இருந்தது. என் பொருளைத் தூக்கிக் கொடுத்த அம்மா மேல், வாங்கிக்கொண்ட பெரியம்மா மேல், கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டு என் போர்வையைப் பாழாக்கிய அத்தை மேல்.

"பெரியப்பா மட்டுந்தாம்மா நல்லவரு" என்றேன், விரலைச் சப்பிக்கொண்டே.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்துப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தலையைத் தன்மேல் இழுத்து அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டும் அளவுக்கு அழுத்தினாள். சீனி சிந்திவிடப் போகிறதே என்று நான் திமிறினேன்.