கட்டைக்காரிக்கு வேலை போனது

சோனுன் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் யோசிப்பார்கள். கட்டைக்காரி என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும்.

அவள் கணவர் பெய்ஷெனுடைய நீல லாரி சோவியத் காலத்துப் பழசு. கூட்டுப்பண்ணை கலைந்தபோது ஆளாளுக்கு ஆட்டையும் மாட்டையும் பிரித்துக்கொண்டு போக, இந்த மனிதர் மட்டும் லாரியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். அதன் பிரேக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. பெடல்மேல் ஏறி நிற்காத குறையாக மிதிக்க வேண்டும். அதுவும் ஒரு மிதிக்குக் கேட்காது. ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதில் பெய்ஷென் தொப்பி மாட்டுவார்.

அதனால் சரிவில் லாரி நிற்கும் முன்பே சோனுன் பக்கத்துக் கதவு திறந்துவிடும். மடியில் வைத்திருந்த மரக்கட்டையோடு அவள் குதிப்பாள், ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகுவாள். பனியில் குதித்திருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சியாகக் குதித்திருக்கிறாள், மகன் கல்யாணத்துக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டும் சேற்றில் குதித்திருக்கிறாள். "லாரிக்குப் பிரேக்கே அண்ணிதான்" என்று வெல்டர் துலாத் கிண்டலடிப்பான். அவளுக்குக் கோபமே வராது. கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் போகும்போது மற்ற வீட்டுப் பெண்கள் லாரியின் பின்னால் கூடாரக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து தூசி தின்றார்கள். முன் சீட்டு அவளுடையது. அவர் கத்துவார், இவள் பதிலுக்குக் கத்துவாள், அப்படியே கணவாய் ஏறி இறங்கிவிடுவார்கள். அந்தப் பாடாவதி லாரியில்தான் அவள் வாழ்க்கையின் நல்ல பேச்செல்லாம் நடந்தது.

போன இலையுதிர் காலத்தில் குதிரை பெய்ஷெனைத் தூக்கிப் போட்டது. வலது முட்டி பெயர்ந்து, அவர் பிழைத்ததே பெரிது. குளிர்காலம் முழுக்க ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் முனகினார். கேட்டால், "ஒண்ணுமில்ல, கனவு" என்பார். கனவில் முட்டி வலிக்கிற மனிதரை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

பனி உருகியதும், கொழுத்த கிடா ஒன்றைக் கொடுத்துவிட்டு, நிலச்சரிவில் நொறுங்கிப்போன புது ரக லாரி ஒன்றின் பின் ஆக்சிலை அப்படியே பிரேக்கோடு வாங்கி வந்தார். ஒவ்வொரு பிரேக் டிரம்மும் கல்யாணச் சமையல் அண்டா மாதிரி இருந்தது. கூடவே மிதியை லேசாக்கும் பூஸ்டர், உண்மையாகவே பிடிக்கிற ஹேண்ட் பிரேக்.

துலாத் வந்து சுற்றிப் பார்த்தான். "இத மாட்டிட்டா வண்டி செங்குத்துச் சரிவுலயும் நிக்கும்ணே."

"ஆமா. இனி இவ குதிக்க வேண்டியதில்ல."

"அப்ப அண்ணிக்கு ஓய்வு குடுத்துருங்க. பிஷ்கேக்ல மகன் வீட்டுல போய் டிவி பாக்கட்டும். முன் சீட்டுல நான் வரேன். முட்டி சரியில்லாத மனுஷனுக்குக் கூட ஒரு ஆம்பள வேணாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பெய்ஷென் சிரிக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் சோனுனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வாயா வெந்துவிடும்?

அன்று மாலை அவருக்குத் தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து போ என்று வேண்டாத விருந்தாளிக்குச் சொல்கிற ஊற்று அது.

பெய்ஷென் கிண்ணத்தைப் பார்த்தார். "என்ன கிழவி, என் வீட்ட விட்டு என்னையே தொரத்துறியா?"

"முதல்ல யார் யாரத் தொரத்துனாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

பெய்ஷெனும் துலாத்தும் லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே மரத்துண்டுகளை அடுக்கினார்கள். ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு கட்டியிருந்த போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. டீசலில் ஊறவைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினார்கள். கெட்ட வார்த்தை மட்டும் தாராளமாக வந்தது. ஒருவழியாகப் பழைய ஆக்சில் உருண்டு வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. இன்ஜினிலிருந்து ஆக்சிலுக்கு வரும் நீளத் தண்டைப் பொருத்தப் பார்த்தால் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. துலாத் புதிதாகத் துளை போட்டான். சோனுன் ரொட்டியை வைத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போனாள்.

பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றெடுக்கும் நாளில் துலாத் வரவில்லை. சக்கரத்தடியில் ஒருவர் திருகாணியைத் திறக்க, மேலே ஒருவர் பெடல் மிதிக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

"மிதி! பிடிச்சுக்க! இப்ப விடு!" அடியிலிருந்து பெய்ஷென் கத்தினார்.

"விட்டாச்சு!"

"நான் சொன்னப்புறம் விடுடீ!"

"சொன்னப்புறம்தான் விட்டேன். காதும் குதிரையோட போயிடுச்சா?"

அடியிலிருந்து சிரிப்பு வந்தது. எண்ணெயில் குமிழி வருவது நின்றதும் அவர் நொண்டி நொண்டி வந்து, அவள் பாதத்தையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார். "கால் நல்லா எட்டுதா? மிதிக்க வலிக்குதா?"

"எனக்கு வலிச்சா என்ன, வலிக்காட்டி என்ன? ஓட்டப் போறது நானா?" என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் அவர் பெடலைக் கழற்றித் துலாத்திடம் கொடுத்து இன்னும் கிட்டத்தில் வைத்து வெல்ட் செய்யச் சொன்னார். முட்டிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேலை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. லாரிக்கு அல்ல, தனக்கு.

மலைக்குக் கிளம்பும் காலையில் துலாத் சக்கர நட்டுகளை முடுக்க வந்தான். அவன் ஏறத்தான் வந்தான் என்று நினைத்து, சோனுன் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "எவனா இருந்தாலும் பின்னால ஆட்டோட உக்காரட்டும். இந்த வருஷம் வரைக்கும் இது என் இடம்."

"ஐயோ அண்ணி, எனக்கு இங்க வேல தலைக்கு மேல கெடக்கு" என்று அவன் நகர்ந்தான். பெய்ஷென் வண்டியை எடுத்தார்.

கணவாய் உச்சி வரை ஏறியாகிவிட்டது. அவர் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. எல்லாரும் நிற்கிற இடத்தில் அவரும் நின்று, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. பழக்கத்தில் கதவைத் திறந்து பாதி இறங்கிவிட்ட சோனுன், செய்ய ஒன்றுமில்லாமல் அப்படியே தொங்கினாள்.

அவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவள் கதவுக்கு வந்தார்.

"அந்தப் பக்கம் நகரு."

"எந்தப் பக்கம்?"

"ஸ்டியரிங் பக்கம். இறக்கத்துல என் கால் நிக்காது கிழவி. குளிர்காலத்துலயே எனக்குத் தெரியும்."

"நானா? வைக்கோல் ஏத்துறப்ப வயல்ல நாலு அடி நகத்துனவ நான்! இந்த இறக்கத்துலயா?"

"பழைய பிரேக்க உன்னால மிதிக்க முடியாதுன்னுதான் இத்தன வருஷம் குடுக்கல. இப்ப உன் கால் அளவுக்குத்தான பெடல வச்சிருக்கேன்? பின்ன எதுக்குக் கிடாயக் குடுத்தேன்?"

"அட பாவி மனுஷா! இத வீட்டுலயே சொல்லித் தொலச்சா என்ன?"

"சொன்னா துலாத் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ முடியாதுன்னுட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். சின்ன கியரில் போட்டு, முதல் வளைவில் இறக்கினாள். பிரேக்கில் காலை வைத்தாள், சொன்னபடி கேட்டது.

"மெதுவா. கியர மாத்தாத. ஓரத்தப் பாரு."

"வாய மூடிட்டு வாங்க. எனக்குத் தெரியும்."

அடுத்த வளைவில் அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாரோ என்று திரும்பிப் பார்த்தாள். தலை கதவில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. தூக்கம்! மாதக்கணக்காக ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்காத மனிதர், கணவாயின் இறக்கத்தில், அவள் ஓட்டும்போது, கைக்குழந்தையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சோனுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகத்தை இன்னும் குறைத்தாள். பின்னால் ஆடுகள் கத்தத் தொடங்கின.

"சத்தம் போடாதீங்க சனியன்களா" என்று அதட்டினாள். "அவர் தூங்குறார்."