யார் சொன்னது என்று கேட்ட சரோஜா

சரோஜா இறந்த செய்தி எனக்கு வாட்சப்பில் வந்தது. செம்பனைக் குலைகளை இறக்க எண்ணெய் ஆலை வாசலில் லாரியோடு காத்திருந்தேன். அவர் படம், பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே ஒரு வரி: ‘கிளினிக் மாத்திரையை நம்பிப் போன உயிர்.’ எழுதியவர் பெயர் இல்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

உடனே அவர் கணவர் மணியத்தை அழைத்தேன். “அதெல்லாம் பொய்லா, அண்ணே. ஹார்ட் அட்டாக். மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரு என்கிட்டயே சொன்னாரு,” என்றார். பதினாறாம் நாளான இன்று, அவர் சம்மதத்தோடு இதை எழுதிவந்து உங்கள் முன் வாசிக்கிறேன்.

சரோஜா நம் பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியவர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக அவர் தொடங்கிய வாட்சப் குழுவில் ஒரே ஆண் நான். நல்ல பெயரெடுத்துச் சேரவில்லை. கண்ட வீடியோவையெல்லாம் ஊருக்கே அனுப்பித் தொல்லை கொடுத்ததால், “நீ என் கண்ணு முன்னாடியே இருண்ணே” என்று அவரே சேர்த்துக்கொண்டார். அங்கே ஒரே சட்டம்தான். எதை அனுப்பினாலும் யார் சொன்னது, அவர் என்ன படித்தவர், என்ன விற்கிறார் என்று எழுத வேண்டும்.

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். முகம் வீங்கியிருந்தது, தலைவலி விடவேயில்லை. மூன்று நாள் பார்லித் தண்ணீர் கொடுத்தால் கெட்ட நீர் வடிந்துவிடும் என்றது ஒரு வீடியோ. அடுப்பில் பார்லியை வைத்துவிட்டுப் பெருமையாகக் குழுவிலும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் சரோஜா வாசலில் நின்றார்.

“யாருண்ணே சொன்னா?”

“ஒரு டாக்டரும்மா.”

“பேரு என்னா? எந்த ஆஸ்பத்திரி? கீழ என்னா விக்கிறான் பாரு.”

கீழே பார்லிப் பொடி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

“பொண்டாட்டிக்குத் தலை வலிச்சா போனைப் பாக்காத, அவ மூஞ்சியப் பாரு. கெளம்பு!”

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்களா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று பிழைத்த என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

“பழம் பொறுக்குறவளுக்கு என்ன வைத்தியம் தெரியும்?” என்று கேட்டவர்கள் உண்டு. வேறு யாருமில்லை, நம்மில்தான். அவர் சிரித்தார். “எனக்குத் தெரியாதுலா. அதான் மிஸ்ஸியக் கேக்குறேன். உனக்கும் தெரியாது, ஆனா அனுப்புற.” சொன்னபடியே கிளினிக் நாளில் அந்த வாரத்துச் செய்திகளையெல்லாம் மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதியிடம் நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவரும் தவறியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு குடிக்கலாம் என்று ஒருமுறை எழுதிவிட்டார். பால் அந்தச் சத்தைச் சரியாகச் சேரவிடாது என்று மிஸ்ஸி சொன்னதும், வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி, “நான் சொன்னது தப்பு, பாலு வேணாம்” என்றார். குழுவில் ஒரு வரி போட்டால் போதாதா என்றேன். “எல்லாரும் அதப் படிப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?” என்று என்னையே மடக்கினார்.

இப்போது கேளுங்கள். அந்தப் பெயரில்லாத செய்தியைப் படித்துவிட்டு, ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான நம் கவிதா மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டாள். கிளினிக்குக்கும் போகவில்லை. “சரோஜாக்காவே போயிட்டாங்களே அங்கிள்” என்கிறாள். சரோஜாவின் படத்தை வைத்தே சரோஜா செய்ததை அழிக்கப் பார்க்கிறார்கள். நான் விடமாட்டேன். நேற்று மணியமே போய் அவளிடம் பேசினார். “சரி, ஒரு தடவ வரேன்” என்றிருக்கிறாள்.

சரோஜாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய வாயை. யார் முகம் சுளித்தாலும் கேட்டே தீரும் அந்த வாயை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கவிதாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகிறேன். அந்தச் செய்தியை எழுதியவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நீங்களும் வாருங்கள். மிஸ்ஸிக்கு முன்னால், உங்கள் பெயரைச் சொல்லி, அதையே கவிதாவிடம் சொல்லுங்கள். காரில் பின்சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.