தண்ணீர்த் தொட்டிக்கு வந்த பிரபு

மாலை நான்கு இருபதுக்கு என் தங்கை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், பழி என்மேல்தான்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டு மாடி. தொட்டி அதற்கும் மேலே, சுற்றிலும் கைப்பிடி கிடையாது. அவளைச் சாப்பிட வைக்க நான் தினமும் ஒரு பிரபுவின் கதையை இட்டுக்கட்டிச் சொல்வேன். பகலெல்லாம் பட்டுச் சட்டையில் கொட்டாவி விடும் சோம்பேறிப் பணக்காரர். யாருக்காவது ஆபத்தென்றால் முகத்தில் கறுப்புத் துணி, கையில் கத்தி. அவர்தான் இவர் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பிரபுவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முந்தின நாள் அவள் அடம்பிடித்தபோது, "ஆபத்துல மாட்னாதான் வருவாரு, சும்மால்லாம் வரமாட்டாரு" என்று சொல்லி ஒரு கவளத்தைத் திணித்தேன்.

அம்மா இரும்பு ஏணியில் இரண்டு படி ஏறினாள். தங்கை பின்பக்கமாக விளிம்பை நோக்கி நகர்ந்தாள்.

"யாரும் வராதீங்க. பிரபு வந்தாதான் எறங்குவேன்."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து மாடியிலிருந்து ஓர் அத்தை, "எங்கடி இருக்காரு அந்த ஆளு? சொல்லு, ஆட்டோ புடிச்சு இட்டாறேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. யாரோ அப்பாவுக்குப் போன் செய்தார்கள்.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வேண்டியதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் தெருவில் வந்தால் பீடியை மறைப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பிரபு எப்படி இருப்பாரு, வெவரமா சொல்லு" என்று வாக்குமூலம் எழுதுபவர்போல் கேட்டுக்கொண்டார். உள்ளே போய்த் தன் புதுக் குடையின் துணியைக் கத்தரித்து, இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் கட்டினார். குடைக்கம்பி கத்தியானது. பீரோவிலிருந்த பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மாடிக்கு வந்தபோது, "சாரு கூத்து கட்டிட்டாருடா" என்று எங்கிருந்தோ ஒரு குரல். எனக்கு அவமானமாக இருந்தது. என் பிரபுவை இப்படிக் கெடுக்கிறாரே என்று கோபமும் வந்தது.

ஏணியில் படிக்குப் படி அவர் கால் நடுங்கியது. அதையும் வேஷம் என்றுதான் நினைத்தேன். ஸ்டூல்மேல் ஏறி பல்பு மாட்டக்கூட அடுத்தவரைக் கூப்பிடுகிற மனிதர் அவர் என்பதை அன்று சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்று என் மகள் மாடிப்படியில் ஓடினாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அவர் அன்று முழு ஏணியையும் ஏறினார். அப்படியொருவருக்குப் பிறந்தேன் என்பதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

தங்கை இந்த முறை நகரவில்லை. தொட்டி விளிம்புக்கு மேலே மெல்ல எழும்பிய கறுப்பு முகம், கம்பியை நெற்றியில் தொட்டு வணங்கியது.

"மன்னிக்கணும் அம்மணி. வழியில இன்னும் ரெண்டு பேரைக் காப்பாத்த வேண்டியிருந்துச்சு, அதான் லேட்டு. கையக் குடுங்க, போவலாம்."