பீப் மேடத்தின் காருக்கு ஒரு செயின்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பீப் மேடம்" என்றால் வாசல் காவலாளிகூடக் கை காட்டிவிடுவார்: இரண்டாவது மாடி, எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு. பத்தொன்பது வருடங்களாக அங்கே காது சோதிப்பதுதான் அவர் வேலை. வருகிறவரை ஆளுயரப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "பீப்னு கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்கலைன்னா அமுக்காதீங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க" என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை இதே மூன்று வாக்கியங்கள்.

அவருடைய சொந்தக் காதுகள் பொல்லாதவை. மாடியில் கணவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால், கீழே துணி மடித்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்காமலே, "ரெண்டோட நிறுத்துங்க" என்பார். மூன்றாவதை எடுக்கத் துணிந்ததில்லை அந்த மனிதர்.

மேடத்திடம் ஒரு சின்ன கார் இருந்தது. அவர் இரண்டு வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது அவருடைய அண்ணன் அதன் எஞ்சினை மாற்றி வைத்துவிட்டார். அண்ணன் முப்பது வருடம் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு பழைய வேனின் எஞ்சினிலிருந்து அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் கார் எஞ்சினின் மேல்பாகத்தைப் பொருத்தி, தங்கைக்கு ஆச்சரியப் பரிசாகக் கொடுத்தார். ஆச்சரியமாகத்தான் இருந்தது. முதல் நாள் பச்சை விளக்கு விழுந்ததும் மேடம் வழக்கம்போல் மிதித்தார். பக்கத்து சீட்டில் இருந்த கைப்பை பின்சீட்டுக்குப் போய்விட்டது.

ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டே விநாடிக்கு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கைநிறைய ஸ்பூன்களை டிராயரில் கொட்டினாற்போல. அப்புறம் அடங்கிவிடும்.

அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வந்து, பானட்டைத் திறந்து, குனிந்து, "ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

கரகரகர.

"எங்க சத்தம்?"

"இப்ப வந்துச்சே அண்ணா!"

"நீ நாள் பூரா அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்திருக்க பாப்பா. உனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்." பாப்பாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

மறுநாள் மேடம் தெரு முனையில் இருந்த மெக்கானிக்கிடம் போனார். குறைவாகப் பேசுகிற மனிதர் அவர். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இரண்டு விநாடி கேட்டார். உடனே அணைக்கச் சொன்னார்.

"டைமிங் செயின் மேடம். கீழ சுத்தற தண்டையும் மேல வால்வைத் திறந்து மூடற தண்டையும் சேர்த்துக் கட்டுற செயின். தளர்ந்துபோச்சு. ஒரு பல் தாவினா, பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போடணும்."

"மாத்திடுங்க."

"மாத்தலாம். எந்த வண்டிச் செயினை வாங்கறது? இது காரா, வேனா?"

மேடத்துக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள், சத்தமே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். எஞ்சினைத் திறக்கவும் விடமாட்டேன் என்றார். "நான் கட்டின எஞ்சினை இன்னொருத்தன் பிரிக்கறதா? என் கண்ணு முன்னாடியா?"

அண்ணியிடம் முறையிட்டுப் பார்த்தார் மேடம். அண்ணி போனில் குரலைக்கூடத் தணிக்கவில்லை. "அவருக்குக் காது மந்தம்னு எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். வாய்விட்டுத் திட்டறேன், தலையாட்டிட்டுப் போறாரு. நிம்மதியா இருக்கேன். நீ எதையாவது பண்ணிக் கெடுத்துடாத."

மேடத்துக்குச் சுருக்கென்றது. ஊரார் காதையெல்லாம் சோதித்தவர், கூடப்பிறந்தவன் காதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார். அண்ணனிடம் பந்தயம் போட்டார்: "என் ரூமுக்கு வந்து உக்காரு. எல்லா பீப்பும் உனக்குக் கேட்டுடுச்சுன்னா நான் காரைத் தொடமாட்டேன்."

அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் உட்கார்ந்து பட்டனைத் துப்பாக்கிபோல் பிடித்தார். தாழ்ந்த சத்தங்களுக்கெல்லாம் டக்டக்கென்று அமுக்கினார். சத்தம் கீச்சென்று ஏற ஏற கை நின்றுவிட்டது. மேடம் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அண்ணன் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்து, "எப்ப ஆரம்பிப்ப?" என்று உதட்டை அசைத்தார்.

மேடம் மெஷினிலிருந்து தாளை உருவினார். பிறகு கதவைத் திறந்து, வரைபடத்தை நீட்டினார். கோடு பாதிவரை சமதரையில் நடந்து, அப்புறம் கிணற்றில் விழுந்திருந்தது.

"அச்சு மெஷின் சத்தம் அண்ணா. முப்பது வருஷம். இந்த விழுந்த இடத்துலதான் செயின் சத்தம் வருது."

அண்ணன் தாளை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். "அப்ப நிஜமாவே சத்தம் இருக்கா?" என்று சின்னக் குரலில் கேட்டார். பிறகு, "நானும் வரேன், பிரிக்கச் சொல்லு" என்றார்.

மெக்கானிக் முன்மூடியைக் கழற்றினார். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் முழு நீளத்துக்கும் வெளியே வந்து, மரத்தின் உச்சிக்கிளைக்கு எக்குகிறவன்போல் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் மூன்று வாஷர்கள்.

"சார், இது என்ன?"

"அது... அன்னிக்கு வேன் செயினைப் போட்டப்ப கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு. சும்மா ஒரு முட்டு."

பழைய செயினைச் சக்கரங்களில் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணி மிச்சம். மொத்தம் எத்தனை என்று எண்ணியபோது மெக்கானிக்குக்கு நூற்று இருபத்தாறு வந்தது. அண்ணனுக்கு நூற்று இருபத்தைந்து. மேடம் தன் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, பத்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினார். நூற்று இருபத்தாறு. ஆக, வேண்டியது நூற்று இருபத்து நான்கு.

"நூத்தி இருபத்தஞ்சா இருந்தா என்ன தப்பு?" என்று உதிரிபாகக் கடையில்கூட அண்ணன் விடவில்லை.

கடைக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒத்தைப்படையில செயின் வேணும்னா நகைக்கடைக்குப் போங்க சார். இங்க எல்லாம் ரெட்டைப்படைதான்."

அண்ணனின் கண் சுவரில் தொங்கிய ஒரு தடித்த செயின்மேல் விழுந்தது. இரட்டை வரிசை, நீல டப்பா, பந்தயக் காருக்கானது. "இதுதான் நம்ம எஞ்சினுக்குத் தகுதி" என்றார். "அதுக்குப் பல்சக்கரமெல்லாம் மாத்தணும். அப்பவும் மூடி மூடாது" என்றார் மெக்கானிக். வேன் செயினையே வாங்கி இரண்டு கண்ணியை வெட்டிச் சேர்க்கலாமே என்றார் அண்ணன். "சேர்த்த இடத்தை நான் நம்பமாட்டேன்" என்றார் மெக்கானிக். மேடம் இருவரையும் விட்டுவிட்டுக் கடைக்கார அம்மாவிடம் திரும்பினார்.

"எந்த வண்டின்னு கேக்காதீங்கம்மா. இதே அகலம், கண்ணிக்குக் கண்ணி இதே இடைவெளி, நூத்தி இருபத்தி நாலு. அப்படி ஏதாவது இருக்கா?"

அந்த அம்மா ஒரு கிழிந்த பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போய், உள்ளே மறைந்து, தூசி படிந்த அட்டைப்பெட்டியுடன் திரும்பினார். பழையதைப் பக்கத்தில் கிடத்திப் பார்த்தார்கள். அகலம் சரி. இடைவெளியும் சரி. நூற்று இருபத்து நான்காவது கண்ணி வந்தபோது பழையது அரை விரல் நீண்டிருந்தது. உழைத்து உழைத்து இழுபட்டிருந்தது. மேடம் புதியதை மடியில் போட்டு நகப்பூச்சு இல்லாமல் ஒருமுறை, நகப்பூச்சோடு ஒருமுறை எண்ணினார்.

"இதான்" என்றார்.

"இது எந்த வண்டியோடது?" என்று கேட்டார் அண்ணன்.

"பால் வண்டி சார். வீடு வீடா பாட்டில் போடுமே, அந்தச் சின்ன லாரி."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து மெக்கானிக்கே சிரித்துவிட்டார். ஒரு வருடமாக நண்பர்களிடம் "ரேஸ் எஞ்சின்" என்று சொல்லிவந்தவர் அவர். டப்பாவையாவது மாற்றித் தரும்படி கடைக்கார அம்மாவைக் கெஞ்சினார். அவர் நீல டப்பா ஒன்றைக் காலியாகவே கொடுத்தனுப்பினார்.

வாஷர்கள் வெளியே போயின; புது டென்ஷனர் பாதி தூரத்திலேயே செயினைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினை மேடம் ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விநாடி, பிறகு பத்து விநாடி. ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டார்.

அடுத்த மாதம் அண்ணனுக்கு இரண்டு காதிலும் கருவி பொருத்தினார். அண்ணி ஒரு வாரம் நாத்தனாரோடு பேசவில்லை. அண்ணனோ பத்து வயது குறைந்தவர்போல் ஆகிவிட்டார். ஒருநாள் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் திடீரென்று கையை உயர்த்தினார்.

"பாப்பா, நிறுத்து. டேஷ்போர்டுக்குள்ள ஒரு 'டிக் டிக்' கேக்குது. கதவுல ஒண்ணு. பின்னாடி எங்கயோ ஒரு கீச்சு. இத்தனையும் வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டற?"

"பழகிட்டேன் அண்ணா."

"எனக்கு ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருக்கு. எஞ்சினையும் ஒரு தடவை..."

மேடம் யோசித்தார். டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் அனுமதி கொடுத்தார். பானட்டைத் திறக்க இழுக்கும் பிடியைத் தன் சீட்டுப் பக்கத்திலிருந்து கழற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டார்.